பெரியாற்றைத் திருப்பிய பொறியாளர்

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் நின்று மேற்கே நோக்குவார்க்குக் கருநீல நிறத்த மலைத்தொடர் ஒன்று தெற்கும் வடக்குமாக நீண்டு கிடத்தல் தோன்றும். ஆனி ஆடித் திங்கள்களில் அம்மலையின் முடியில் முகில்கள் கூடும், மின்னும், இடிக்கும். ஆயினும் அடிவாரத்து ஊர்களில் காற்று வீசுமேயன்றி மழை பெய்தல் அரிது. மேல்கடலினின்று எழுந்து வரும் முகில்கள் தம்பால் உள்ள நீரில் பெரும்பகுதியை மலையின் மறுபுறத்திலேயே சொரிந்துவிட்டு, வெறுங்கையோடு இப்பக்கம் எட்டிப் பார்ப்பனவாம். ஆண்டாள் தோன்றிய ஊர் திருவில்லிபுத்தூர். மழை வேண்டி அவ்வம்மையார் பாடிய திருப்பாவைப் பாசுரத்தை மார்கழிதோறும் பாடும் இவ்வூரார், ஆடியில் மலைமுடியைப் பார்த்துப் பெருமூச்செறிதல் இன்றும் உண்டு.

மறுபுறத்திற் பெய்த மழை எங்கே போகிறது? சிவகிரி மலையிற் பிறக்கும் பெரியாறு, அதனைத் தன் பேரறைகளிலும் சிற்றோடைகளிலும் வாங்கிக்கொண்டு முதலில் வடக்கு நோக்கி ஓடுகிறது. பின்பு மேற்கே திரும்பி, 244 கிலோமீட்டர் நடந்து அரபிக்கடலிற் கலக்கிறது. வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல்லிலும் பெரியாறு என்னும் பெயருடைய ஓர் அணை உண்டு. அது கிழக்கே ஓடும் வேறோர் ஆற்றின்மேல் அமைந்தது, இரண்டையும் மயங்கிக்கொள்ளற்க. நாம் கூறவந்த பெரியாறு, தமிழ்நாட்டு மலையடிவாரத்திற்கு மிக அணித்தே பிறந்தும், இந்நாட்டு வயல்களுக்குப் புறங்காட்டிச் செல்வது. அவ்வாற்றின் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பி வைத்தவர் ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளர். அவர் கட்டிய அணையின் அமைப்பும் நோக்கமும் அவருடைய வாழ்க்கையோடு பின்னிக் கிடப்பவை.

பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையில் உயர்ந்த பதவி வகித்தவர். 1849 சனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சிலியன்வாலா என்னும் இடத்தில் சீக்கியரோடு நடந்த கடும்போரில் தந்தையாரும், அவருடன் படையில் இருந்த மூத்த மகன் அலெக்சாந்தரும் ஒரே நாளில் மாண்டனர். இளையவராகிய ஜானுக்கு எட்டு வயது நிரம்ப அன்று இரண்டு நாளே குறைந்திருந்தது. தந்தையையும் தமையனையும் போர்க்களத்திற் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை வாளெடுத்து வஞ்சினம் கூறுவதே கதைகளில் நாம் காண்பது. இவரோ அளவுகோலை எடுத்தார். இங்கிலாந்தில் செல்டன்காம் கல்லூரியிலும், பின்னர் அடிஸ்கோம் என்னும் ஊரில் இருந்த படைத்துறைப் பள்ளியிலும் பயின்று, சென்னைப் பொறியாளர் படையிற் சேர்ந்து, 1860இல் இந்தியாவுக்கு வந்தார். இடையே 1867, 1868ஆம் ஆண்டுகளில் அபிசீனியப் போருக்குச் சென்று மீண்டார். போர்த்தொழில் அவ்வளவோடு நின்றது. எஞ்சிய காலமெல்லாம் நீர்த்தொழிலே. கிரிக்கெட்டு ஆட்டத்தில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது என்பர். 1879இல் கிரேசு சாமியர் என்னும் பெண்மணியை மணந்தார். ஐந்து பெண்களும் ஓர் ஆணும் அவர்களுக்குப் பிறந்தனர்.

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் பென்னிகுயிக்கின் உள்ளத்தில் முதன்முதல் தோன்றியதன்று. இதனை மறைத்துக் கூறுதல் நன்றி மறத்தலாகும். 1789ஆம் ஆண்டிலேயே, இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சராயிருந்த முத்திருளப்ப பிள்ளை என்பார், மலைமேற் சென்று ஆராய்ந்து வருமாறு அறிவுடையார் பன்னிருவரை அனுப்பினார். ஆற்றைத் திருப்புதல் கூடும் என்றே அவர்கள் வந்து கூறினர். கூடும் என்று கண்டும் செய்வதற்குப் பொருள் இல்லை; எண்ணம் ஏட்டோடு நின்றது. 1808இல் கால்டுவெல் என்னும் படைத்துறைப் பொறியாளர் அவ்விடத்தைப் பார்வையிட்டு, இது வெறுங்கனவு என எழுதிவிட்டார். ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயர் வேறு, இவர் வேறு. 1850இல் சிற்றணை ஒன்று கட்டத் தொடங்கினர். காய்ச்சலுக்கு அஞ்சிய கூலியாட்கள் மிகுந்த கூலி கேட்கவே அதுவும் கைவிடப்பட்டது. 1860க்குப் பின் மேஜர் ரைவ்ஸ் என்பவர் மண்ணால் அணை எழுப்பும் திட்டம் ஒன்றை வகுத்தார். திட்டங்கள் வளர்ந்தன, தாள்கள் குவிந்தன, ஆறு மட்டும் பழைய வழியே சென்றுகொண்டிருந்தது.

அந்நிலையில் வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். மதுரை மாவட்டத்தில் வைகை மணலாய்க் கிடந்தது. ஊரை விட்டு ஊர் சென்றவர் வழியிலே வீழ்ந்தனர். கண்மாய்கள் வறண்டு, விதைநெல்லையும் உண்டு தீர்த்து, மாட்டையும் மண்வெட்டியையும் விற்றுவிட்ட உழவன், மறு ஆண்டு மழை பெய்தபோதும் உழுதற்கு வழியின்றி நின்றான். கஞ்சித் தொட்டி வைப்பதற்கும், பஞ்சக் கூலி கொடுப்பதற்கும் ஆகும் பணத்தை முன்னரே ஓர் அணைக்குச் செலவிட்டிருக்கலாம் என்னும் உண்மை அரசாங்கத்திற்கு அப்போதுதான் உறைத்தது. 1882இல் பழைய திட்டங்களையெல்லாம் ஆராய்ந்து புதிய திட்டம் வகுக்குமாறு பென்னிகுயிக் பணிக்கப்பட்டார். அவர் வகுத்த திட்டம் 1884இல் ஒப்புதல் பெற்றது.

இனி அத்திட்டத்தின் திறத்தைச் சிறிது விரிவாகக் காண்போம். அவருடைய அறிவின் உயரம் அதிலேதான் விளங்கும்.

பெரியாறு பிறக்குமிடம் இராசபாளையத்து மலைகளுக்கு அப்பால் அண்மையிலேயே இருக்க, அதனை இங்கேயே திருப்பாமல் வடக்கே தேக்கடிப் பக்கம் சென்று திருப்பியது ஏன் என்று இவ்வட்டாரத்து மாணவர் கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்வியே. பிறப்பிடத்தில் ஆறு சிறு கால், நீர் குறைவு, பள்ளத்தாக்கும் செங்குத்து. இடையே நிற்கும் மலையோ உயர்ந்தது, தடித்தது. ஆறு வடக்கே இறங்கி, பல ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, முல்லையாறும் வந்து கலந்த பின்னரே தேக்குதற்குரிய நீரும், நீர் தங்குதற்குரிய அகன்ற பள்ளத்தாக்கும் கிடைக்கின்றன. அவ்விடம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,900 அடி உயரம். அங்கே ஆற்றின் குறுக்கே அணை எழுப்பினால், நீர் பின்னோக்கி ஏறிப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலும் புகுந்து பரவும். அவ்வாறு பரவும் ஏரியின் கிளை ஒன்று வடக்கே தேக்கடி வரை நீண்டு, தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும் மலைவிளிம்பை நெருங்கி நிற்கும். விளிம்பு அங்கே மெலிந்தது. அதனைக் குடைந்து ஒரு சுரங்கம் அமைத்துவிட்டால், மேற்கே ஓடவேண்டிய நீர் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் விழும்.

இதிலுள்ள நுட்பத்தை நோக்குங்கள். அணை ஓரிடத்தில், நீர் வெளியேறும் வாயில் அதற்குப் பல மைலுக்கு அப்பால் வேறோரிடத்தில். அணையின் வேலை நீரைத் தடுப்பது மட்டும் அன்று. நீரைச் சுரங்க வாயிலின் மட்டத்திற்கு உயர்த்துவதே அதன் தலையாய வேலை. அணையடியிலிருந்து 104 அடி நீர் நிரம்பினால்தான் சுரங்கத்தின் வாயிற்படியை நீர் தொடும். அதற்குக் கீழ்ப்பட்ட நீர் கிழக்கே வாராது. மலைக்கு அப்பால் கிடந்த ஆற்றை ஏணி வைத்து ஏற்றி, சாளரத்தின் வழியே இப்பக்கம் இறக்கியது போன்றது அவர் செய்த செயல்.

அணையின் உருவத்தையும் அவர் மாற்றினார். மண்ணணை வேண்டா எனத் தள்ளி, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டும் அணையையே வகுத்தார். நீரின் அழுத்தம் ஆழம் மிகமிக மிகும். அதனைத் தன் எடையாலேயே தாங்கி நிற்குமாறு, அடியில் அகன்றும் மேலே குறுகியும் அமைவது இவ்வகை அணை. அடித்தளத்திலிருந்து அதன் உயரம் 176 அடி. நீளம் ஏறத்தாழ 1,200 அடி. அடியகலம் 138 அடி. உச்சியின் அகலம் 12 அடியே. முன்புறமும் பின்புறமும் கருங்கற்கட்டு. நடுவே சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியும் கல்லும் கலந்து இட்ட காரை. சிமெண்டு அந்நாளில் கப்பலேறி வரவேண்டிய பொருள். சுண்ணாம்போ மலையடிவாரத்திலேயே கிடைத்தது. நம்மூர்க் கோவில் மண்டபங்களையும் அரண்மனைகளையும் எழுப்பிய பழைய சுண்ணாம்பே பெரியாற்றையும் கட்டிப்போட்டது என்றால் மிகையன்று. பக்கத்தில் மலை தாழ்ந்திருந்த இடத்தில் சிற்றணை ஒன்றும், மிகுந்த வெள்ளம் அணையின் தலைமேல் ஏறாது வழிந்தோடக் கலிங்கும் அமைத்தனர். சுரங்கத்தின் நீளம் 5,704 அடி. ஒரு மைலுக்கும் சற்று மிகுதி.

அணை அமையும் நிலம் திருவிதாங்கூர் மன்னருக்கு உரியது. நெடுங்காலம் பேசிய பின்னர், 1886 அக்டோபர் 29ஆம் நாள் இருசாராரும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். நீர் பரவும் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வாடகையில் 999 ஆண்டுகளுக்குச் சென்னை அரசாங்கத்தின்பால் விடப்பட்டது. பின்னாளில் நீதிமன்றங்களில் எண்ணிறந்த முறை படிக்கப்பட்ட பத்திரம் இது.

1887இல் வேலை தொடங்கியது. காடோ யானையும் புலியும் உலவுவது, வழி இல்லை, குடியிருப்பு இல்லை. அடிவாரத்திலிருந்து சுண்ணாம்பும் பிற பொருள்களும் மாட்டுவண்டியிலும், மலைமேற் கட்டிய கம்பிவடத்திலும் ஏறிச் சென்று, அங்கிருந்து படகுகளில் அணைக்குச் சேர்ந்தன. ஆண்டில் எல்லா மாதமும் வேலை செய்தல் இயலாது. மழைக்காலத்தில் ஆறு பெருகும்; கோடையில் காய்ச்சல் பெருகும். இரண்டுக்கும் இடையே கிடைத்த நாட்களில் அடித்தளம் தோண்டி, நீரைத் தற்காலிகக் கரைகளால் ஒதுக்கி, கல் அடுக்க வேண்டும். மலைவெள்ளம் ஓரிரவில் வந்து, பல வாரம் பாடுபட்டுக் கட்டிய கரையை அடித்துச் செல்லும். விடியற்காலையில் வேலையாட்கள் வந்து பார்த்தால், நேற்று நின்ற இடம் நீராயிருக்கும். மீண்டும் மண்மூட்டை, மீண்டும் கல். இவ்வாறு அழிந்தது ஒருமுறை அன்று, இருமுறை அன்று.

ஆற்றினும் கொடியது காய்ச்சல். கொசுவினால் அக்காய்ச்சல் பரவுகிறது என்பதே அந்நாளில் யாரும் அறியாதது. 1897இலேதான் ரொனால்டு ராஸ் அவ்வுண்மையைக் கண்டார். அணைக்கட்டில் நோயினால் இறந்தவர் தொகை 480க்கு மேல் எனப் பதிவு கூறுகிறது. அணைக்கு அருகே அவர்களுடைய இடுகாடு இருக்கிறது. மதுரைச் சீமையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கூலிக்கு ஏறிச் சென்ற எளிய மக்கள் அவருட் பலர். அவர்களுடைய ஊர்களிலேதான் பின்னர் அந்நீர் பாய்ந்தது. பொறியாளர் பெயரைக் கூறும்பொழுது இவர்களை விட்டுவிடுதல் எனக்கு உடன்பாடன்று.

வெள்ளத்தில் கரைகள் அழிந்தபோது அரசாங்கம் பணம் தர மறுத்ததென்றும், பென்னிகுயிக் இங்கிலாந்து சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பொருள் கொணர்ந்து அணையை முடித்தாரென்றும் ஒரு கதை கம்பம் பள்ளத்தாக்கில் வழங்குகிறது. மேடைகளிலும் இது பேசப்படுவதுண்டு. அரசாங்கத்தின் செலவுக் கணக்குகளோடு இக்கதை பொருந்தவில்லை என ஆராய்ந்தோர் கூறுவர். அணை அரசாங்கப் பணத்திலேயே கட்டப்பட்டது. மக்கள் தமக்கு நன்மை செய்தாரைப் பற்றிக் கதை புனைவது இயல்பு. நன்றி மிகுந்த நெஞ்சு கணக்கேட்டைத் தேடாது. ஆயினும் மாணவர் கதையையும் வரலாற்றையும் பிரித்தறிதல் வேண்டும். சொத்தை விற்றார் என்பதற்குச் சான்று இல்லை. கரை அழிந்த ஒவ்வொரு முறையும் திட்டத்தைக் கைவிடாமல், இன்னும் கட்டலாம் என்று மேலாரை இணங்குவித்துக் காட்டில் நின்றார் என்பதற்குக் கட்டி முடிந்த அணையே சான்று. எது பெரிது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதையே பெரிது என்பேன்.

1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். சுரங்கத்தின் வழியே இறங்கிய நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கூடி, வைகையை அடைந்து, பேரணையிற் பிரிந்து மேலூர் வரை சென்றது. மேல்கடலுக்கென்று பெய்த மழை கீழ்கடல் நாட்டின் நெல்லாயிற்று. ஒரு போகமும் நம்பிக்கையற்றுக் கிடந்த நிலங்களில் இரு போகம் விளைந்தது. இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களில் ஏறத்தாழ 2 இலட்சம் ஏக்கர் நிலம் இந்நீரை நோக்கியிருக்கிறது. குடிநீருக்கும் இதனையே நம்பியிருக்கும் ஊர்கள் பல.

அவ்வாண்டே பென்னிகுயிக்குக்கு சி.எஸ்.ஐ. என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. 1896இல் இந்தியாவை விட்டுச் சென்று, இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில் இந்தியப் பணிக்குப் பொறியாளரைப் பயிற்றிய கல்லூரிக்குத் தலைவராக 1899 வரை இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்றின் வெள்ளம் அந்நகரை அழித்தபோது, அதனைத் தடுக்கும் வழியை ஆராய அந்நாட்டார் இவரையே அழைத்தனர். மலைவெள்ளத்தோடு எட்டாண்டு பழகியவரினும் தக்கார் யாவர்? 1911 மார்ச்சு 9ஆம் நாள் கேம்பர்லி என்னும் ஊரில் தம் எழுபதாம் வயதில் காலமானார். ஃபிரிம்லியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வாழ்க்கை அங்கே முடிந்தது. அணையின் வாழ்க்கை முடியவில்லை. அவர் எண்ணியது பாசனம் ஒன்றே, ஒப்பந்தமும் அதற்கே. ஆயினும் ஆற்றை மலைமேல் உயரத்திலேயே நிறுத்திக் கிழக்கே தள்ளிவிட்டமையால், அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கை அடையும் முன் ஆயிரம் அடிக்கு மேல் கீழே விழவேண்டியதாயிற்று. விழும் நீரில் ஆற்றல் உண்டு. நெல்லுக்குப் போகும் நீர் போகும் வழியில் பாறைமேல் மோதி வீணாக்கிய அவ்வாற்றலை ஓர் இயந்திரத்தின்மேல் செலுத்தினால், நீரில் ஒரு துளியும் குறையாமல் மின்சாரம் கிடைக்கும். உரலில் நெல் குத்தும் பெண் கைவளையின் ஒலியையும் உடன் தருவதுபோலப் பாசனத்தோடு கூடவே வரும் பயன் இது.

இதனை முப்பதுகளிலேயே சென்னை அரசாங்கம் விரும்பியது. திருவிதாங்கூர் அரசு, ஒப்பந்தம் பாசனத்திற்கே என்று மறுத்தது. வழக்கு நடுவரிடம் சென்றது. 1941இல் தீர்ப்பு திருவிதாங்கூர்ப் பக்கமே ஆயிற்று. ஒரே நீர், ஒரே பள்ளம், ஒரே வீழ்ச்சி. ஆனால் பத்திரத்தில் ஒரு சொல் இல்லாமையால் அவ்வாற்றல் மேலும் பல ஆண்டு பாறையிலேயே மோதிக்கொண்டிருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர் இரு அரசுகளும் மீண்டும் பேசின. கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பில், லோயர் கேம்ப் என்று வழங்கும் அடிவாரத்தில், மின்நிலையம் எழுந்தது. 1958 முதல் 1965 வரை ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறனுடைய நான்கு பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கின. 1970இல் செய்த ஒப்பந்தம், ஏக்கர் வாடகையை 30 ரூபாயாக உயர்த்தி, எடுக்கும் மின்சாரத்திற்குக் கேரள அரசுக்குத் தனிக்கட்டணமும் வகுத்தது.

மின்நிலையம் இயங்கும் வகை எளிது. சுரங்கத்தைக் கடந்த நீர் முதலில் சிறு தேக்கம் ஒன்றில் நின்று அமைதி பெறுகிறது. அங்கிருந்து மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களில் அடைபட்டு, கீழே வரவர அழுத்தம் மிகுந்து, சுழலியின் இதழ்களில் விசையோடு பாய்கிறது. சுழலி சுழல, அதனோடு பிணைந்த மின்னாக்கி சுழன்று மின்சாரம் பிறக்கிறது. வேலை முடிந்த நீர் வெதும்பாமலும் கலங்காமலும் வாய்க்காலை அடைந்து வயலுக்குச் செல்கிறது. பாசனத்திற்கு எவ்வளவு நீர் திறக்கப்படுமோ அவ்வளவே மின்சாரம். ஏரியில் நீர் 104 அடியை நெருங்கும் கோடையில் பொறிகளும் ஓய்ந்துவிடும்.

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் பெரியாற்று நீர் வரவில்லை. இவ்வூர்கள் அய்யனார் கோவில் ஆற்றையும், செண்பகத்தோப்பு ஓடைகளையும், கண்மாய்களையுமே நம்பி வாழ்வன. ஆயினும் நீர் வாராத வழியே மின்சாரம் வந்தது. முப்பதுகளில் இராசபாளையத்தில் நூற்பாலைகள் எழுந்தபோது, கதிர்களைச் சுழற்றும் ஆற்றலுக்குத் தென்மாவட்டங்கள் எங்கும் தட்டுப்பாடு இருந்தது. 1944இல் பாபநாசத்தில் தாமிரபரணியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் முதலிற் கைகொடுத்தது. பின்னர்ப் பெரியாற்று மின்சாரமும் அதனோடு பொதுக் கம்பிகளிற் கலந்தது. கம்பியில் ஓடும் மின்சாரத்திற்கு ஊர்ப்பெயர் எழுதியிருப்பதில்லை. மலைக்கு அப்பால் பெய்த மழை இவ்வூர்த் தறியிலும், கிணற்றின்மேல் வைத்த மோட்டாரிலும் வந்து உழைத்த நாட்கள் பல என்று மட்டும் துணிந்து கூறலாம். கண்மாய் வறண்ட ஆண்டிலும் கிணற்றடி நீரை மேலே ஏற்றி ஒரு பருத்திச் செடியைக் காத்த உழவனுக்கு, அது சிறிய உதவியன்று.

அணைக்கு இப்போது 125 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 152 அடி வரை தேக்குதற்கு வகுக்கப்பட்ட நீர்மட்டம், அணையின் உறுதியைப் பற்றி எழுந்த அச்சத்தால் 1979இல் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அதன்பின் அணையின் தலைமேல் கான்கிரீட்டுக் கவசம் இட்டனர். மேலிருந்து அடிப்பாறை வரை துளைத்து எஃகு வடங்களை இறக்கி இறுக்கினர். பின்புறத்தில் கான்கிரீட்டு முட்டும் கொடுத்தனர். நெடிய வழக்குக்குப்பின் 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கீழே வாழும் கேரள மக்களின் அச்சமும், கிழக்கே காத்திருக்கும் தமிழ்நாட்டு உழவரின் தேவையும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. அவ்வழக்கின் விவரங்களை மேல்வகுப்பிற் கற்பீர்கள்.

லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு 2013 சனவரி 15ஆம் நாள் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2022இல் அவர் இறந்த கேம்பர்லியிலும் தமிழ்நாட்டார் ஒரு சிலை எடுத்தனர். அவர் பிறந்த நாள் தைப்பொங்கலை ஒட்டி வருதலால், பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் படத்தின் முன்னே பானை வைத்துப் பொங்குகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டவர் உண்டு. அவரோடு அணைக்கட்டில் உழைத்த லோகன் என்னும் பொறியாளரின் பெயரும் அங்கே லோகன்துரை என்றாகி, ஏர்பிடிக்கும் தமிழரின் பெயராகவே வழங்குகிறது.